அளவெடுக்க வந்த அக்கா

உள்ளறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் நின்ற, கல்யாண வயதுச் சின்னவள் சோபாவைக் காட்டி, "திஸ் இஸ் மை ஃபாதர்" என்றாள். சோபாவில் இருந்த அப்பா பேப்பரை மடக்காமலே தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் பாடம் நடத்தும் முறை அது. புத்தகத்தில் சிரிக்கும் பொம்மைக் குடும்பத்தை அவள் தொடவே மாட்டாள். படிக்கிறவளை அவளுடைய வீட்டுக்குள்ளேயே நடக்க வைப்பாள். எதிரே இருப்பவர் யார், உனக்கு என்ன உறவு, அவரிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே கூட நடப்பாள். உறவும் நட்பும் ஒருத்தர் விடாமல் இங்கிலீஷில் வாயில் வந்தாக வேண்டும்.

சின்னவள் சுவரில் மாட்டியிருந்த, காலமாகிவிட்ட அம்மாவின் படத்தைக் காட்டிச் சொன்னாள். ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் தோழியைக் காட்டிச் சொன்னாள். உள்ளறைக் கதவு வந்தபோது மட்டும், அங்கே இருப்பது வெறும் சுவர் என்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே யார் என்று டீச்சர் கேட்டாள். பதில் சோபாவிலிருந்து வந்தது.

"தையல்காரம்மா. துணி தைக்க வர்றவங்க."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் அந்தத் தையல்காரம்மாதான் காபி கொண்டுவந்து கொடுத்து, தன் தங்கை எப்படிப் படிக்கிறாள் என்று ஆசையாக விசாரித்தவள். அப்பாவின் மூக்கை அப்படியே எடுத்து ஒட்டிய முகம். யார் காதில் பூச்சுற்றுகிறார் இந்த மனிதர்?

அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். சின்னவளைப் பார்க்க மாப்பிள்ளையின் அத்தை இப்போது வரப்போகிறாளாம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. அதனால் பெண் தன் குடும்பத்தைப் பற்றி இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிக் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ஆசை. புருஷனின் அடி தாங்காமல் திரும்பி வந்த மூத்தவள் ஒருத்தி வீட்டோடு இருப்பது தெரிந்தால் இந்தச் சம்பந்தம் கைநழுவிவிடும். அதனால் தனக்கு ஒரே பெண் என்று சொல்லியிருக்கிறார். டீச்சரும் அதற்குத் தகுந்தபடி பாடத்தை மாற்றிக்கொண்டால் நல்லது. இந்தக் கட்டடத்தில் மற்ற டியூஷன் வீடுகளையும் அவளுக்குப் பிடித்துக் கொடுத்தது தான்தான் என்பதையும் போகிறபோக்கில் ஞாபகப்படுத்தினார்.

டீச்சருக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவளும் ஒரு நாள் பெட்டியும் கையுமாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள்தான். அண்ணன் அவளை ஏசவில்லை, விரட்டவில்லை. சோறு போட்டான். அவன் பிள்ளைகளுக்கு அவள் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் அவனுடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்தபோது, "இவங்க பசங்களுக்கு டியூஷன் எடுக்க வர்றவங்க சார்" என்று சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்தினான். ஒரே வயிற்றில் பிறந்தவன்! அன்றைக்கே படியிறங்கினாள். அவன் கொடுத்த அந்தப் பட்டத்தையே பிழைப்பாக்கிக்கொண்டாள். ஒற்றை அறையில் தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட்டு, ஊரார் வீட்டுப் பெண்களுக்கு அண்ணனையும் அக்காவையும் இங்கிலீஷில் சொல்லக் கற்றுக்கொடுத்தே அவள் தலைமுடி நரைத்துவிட்டது. இன்றும் 'மை பிரதர்' என்ற இடம் வந்தால் இருமுவதுபோலச் சமாளித்துக்கொள்வாள்.

"அந்தப் பாடம் எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

அப்போது மெஷின் நின்றது. கதவைத் திறந்துகொண்டு பெரியவள் வந்தாள்.

"விடுங்க டீச்சர். அப்படியே சொல்லிடுங்கன்னு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன். அவளாவது நல்லா இருக்கட்டும்."

டீச்சரின் கோபம் இரண்டு மடங்காயிற்று. மகள் மனசொடிந்து எதையோ சொன்னால், பெற்றவர் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்வதா?

வாசல் மணி அடித்தது. பெரியவள் அறைக்குள் போனாள். மெஷின் மறுபடி ஓடியது.

வந்த அத்தை பெரிய உடம்பும் கலகலப்பான வாயுமாக இருந்தாள். சின்னவள் அப்பாவைச் சொன்னாள், அம்மாவைச் சொன்னாள், தோழியைச் சொன்னாள், நிறுத்திக்கொண்டாள். அத்தைக்குத் திருப்தி. பிறகு அவள் கண் சின்னவளின் ரவிக்கைமேல் விழுந்தது. உடம்போடு ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கிறதே, யார் தைத்தது என்று கேட்டாள். வீட்டுக்கு வருகிற தையல்காரம்மா என்றார் அப்பா.

"சத்தம் கேக்குதே, அவங்கதானா? கூப்பிடுங்க, எனக்கும் ஒண்ணு தைக்கணும். எவன்கிட்ட குடுத்தாலும் என்னைத் தலகாணின்னு நெனச்சே தைக்கிறான்."

அப்பா மென்று விழுங்கினார். வேறு வழியின்றிக் கூப்பிட்டார். பெரியவள் அளவு டேப்போடு வந்தாள். அத்தை கையை அகல விரித்து நின்றாள். தான் பிறந்து வளர்ந்த கூடத்தில், தன் தாயின் படத்துக்கு நேர் கீழே முழங்கால் போட்டு, அந்த வீட்டின் தலைச்சன் பெண் கூலிக்காரியாக அளவெடுத்தாள். வீடு எங்கே என்று அத்தை கேட்டாள்.

"பக்கத்துலதாங்க" என்றாள் பெரியவள். குரல் நடுங்கவேயில்லை.

டீச்சர் எழுந்துவிட்டாள். அதற்குள் சின்னவள் ஓடிவந்து அக்காவின் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கினாள்.

"திஸ் இஸ் மை சிஸ்டர்" என்றாள். மூச்சு வாங்கியது. "ஷி லிவ்ஸ் ஹியர்."

அத்தை விரித்த கைகளை மெல்ல இறக்கினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். மற்றதெல்லாம் அவளுக்குத் தானாகவே புரிந்துவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"வீட்ல யோசிச்சுச் சொல்றோம்."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். டீச்சரால் பொறுக்க முடியவில்லை.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? அடி தாங்காம வந்த பொண்ணு அப்பா வீட்ல இருக்கா. அவ்வளவுதானே?"

"நடுவுல நீங்க யாருங்க?" என்று கேட்டாள் அத்தை.

"குடும்பத்தைப் பத்திப் பேச இந்தப் பொண்ணுக்குக் கத்துக்குடுத்தவ."

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். அப்பா டீச்சரை எரிப்பதுபோலப் பார்த்தார். நாளையிலிருந்து இந்தக் கட்டடத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, "ஒரு நிமிஷம் கேளுங்கம்மா" என்று கெஞ்சியபடி அத்தையின் பின்னால் படியிறங்கினார்.

சின்னவள் வாசலுக்குப் போனாள். படிக்கட்டில் அப்பாவின் குரல் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.