கேறுங்க சார்

செல்வசிங் துபாயில் ஏசி மெக்கானிக். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அங்கே தேரா பகுதியில் ஆறு பேர் தங்கும் ரூமில் அவருக்கு ஒரு கட்டில். நடிகரும்கூட. சிரிக்காதீர்கள், உண்மைதான். மாதா கோயிலில் போடும் ஏசு நாடகத்தில் பிலாத்து வேஷம் யாருக்கு என்று யாரும் கேட்பதேயில்லை, இவருக்குத்தான். ஷூட்டிங் நடத்த வருகிற சென்னைப் படங்களில் டிரைவர், வாட்ச்மேன், கூட்டத்தில் ஒருவன். இப்படிப் பதினேழு படம். முகம் தெரிந்தது நாலில்.

முதல் படத்தில் மட்டும் ஒரு வசனம் இருந்தது. கதாநாயகனுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டு "ஏறுங்க சார்" என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். கேமரா ஓடியதும் வாயில் வந்தது "கேறுங்க சார்." அவர் ஊரில் வண்டியிலும் கேறுவார்கள், மாடியிலும் கேறுவார்கள். யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. மலையாளியா நீ என்று உதவி இயக்குநர் கேட்டார். படம் வந்தபோது இவர் வாயில் வேறு யாரோ பேசினார்கள். அன்றைக்குப் பிடித்தது பாருங்கள் சனி! ரூமில், சைட்டில், கம்பெனி வேனில் எங்கேயும் சினிமாத் தமிழ்தான். போனிலும் அப்படியே பேசப்போய், யார் நீங்கள் என்று மனைவி இன்பமணி சண்டைக்கு வந்தாள்.

பிறகு வீடியோ கேம் வேலை வந்தது. ஒரு ஸ்டுடியோவில் சாகிற சத்தம் கொடுக்க வேண்டும். குண்டடி பட்டு, தீயில் கருகி, மாடியிலிருந்து விழுந்து, இரண்டு வருஷத்தில் நூறு தடவையாவது செத்திருப்பார். தொண்டை கட்டிக்கொண்டு அப்படியே டியூட்டிக்குப் போவார். அலுத்துப்போயிற்று ஐயா, சலித்துப்போயிற்று. ஐம்பத்தொரு வயதில் அவருக்கு ஒரே ஆசைதான் மிச்சம்: பேர் உள்ள ஒரு பாத்திரம், சொந்தக் குரலில்.

இந்த மார்ச்சில் அதுவும் வந்தது. கடல் கதை வைத்த கேம். அதில் லாரன்ஸ் என்று ஒரு தமிழ் மீனவன், பன்னிரண்டு வசனம். ஒலிப்பதிவைக் கவனிக்கிற தன்யா துபாயிலேயே வளர்ந்த பெண். உங்கள் ஊரில் பேசுகிற மாதிரி நேச்சுரலாகப் பேசுங்கள் அங்கிள் என்றாள். செல்வசிங் லீவு போட்டு, சவரம் செய்துகொண்டு போனார். மைக் முன்னால் நின்றதும், "காத்து பலமா வருது நண்பா, சீக்கிரம் கரை ஏறு!" எட்டு டேக். எட்டும் அச்சு அசல் கோடம்பாக்கம். என்ன முக்கியும் நாக்கு திரும்பவில்லை.

பாத்திரம் ஸ்ரீனிவாசனுக்குப் போனது. வங்கி வேலை, மயிலாப்பூர்க்காரர், மேடை நாடகம் போடுகிறவர், நல்ல மனிதர். கடற்கரைக்குச் சுண்டல் தின்னப் போனதோடு சரி. அவருக்கு உங்கள் ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க முடியுமா அங்கிள் என்று தன்யாவிடமிருந்து போன் வந்தபோது செல்வசிங்குக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் போனார்.

ஸ்டுடியோ சோபாவில் உட்கார்ந்து ஸ்ரீனிவாசன் வாசித்துக் காட்டினார். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. நாலாவது தடவை செல்வசிங் பொறுமையிழந்து தாளைப் பிடுங்கினார்.

"அப்பிடி இல்ல சார். லேய் மக்கா, காத்து கேறி வருது, வேகம் கரைகேறுலே! இப்பிடிச் சொல்லணும்."

தண்ணீர் பாட்டிலோடு வந்த தன்யா நின்றுவிட்டாள்.

"அங்கிள், இதத்தான நான் அன்னிக்குக் கேட்டேன். ஏன் பேசல?"

"இப்பிடிப் பேசப்படாதுண்ணுதாம் மோளே, இருவது வருசமா படிச்சேன்."

ஸ்ரீனிவாசன் போன வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. அங்கிருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். செல்வசிங் தாளை நீவி அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"சொல்லுங்க சார், இன்னொரு தடவை."