அரியலூரில் சோறு தீர்ந்த மதியம்

காலை ஆறு மணிக்கு அரும்பாவூரில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு அதில் டிக்கெட் காசு கிடையாது. பெரம்பலூரில் இறங்கி அரியலூர் வண்டிக்கு மாறினேன். அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தூரம் பெரிதில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிற எனக்குப் பெரம்பலூரைத் தாண்டினாலே வெளியூர்தான். மீதிச் சில்லறையைக் கண்டக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சரியான காசாக எடுத்து வைத்துக்கொள்கிற ஆள் நான்.

என் தங்கை சாந்தி அரியலூரில் பைபாஸ் ஓரமாக மெஸ் வைத்திருக்கிறாள். ஆறு வருடமாக நன்றாகத்தான் ஓடியது. கடைச் சிலிண்டர், எண்ணெய், பருப்பு, தேங்காய் என்று ஒவ்வொன்றாக ஏறியபோது அவளும் சாப்பாட்டு விலையைப் பத்துப் பத்தாக ஏற்றிப் பார்த்தாள். நூறு ரூபாய் என்று எழுதிய வாரமே பாதிப் பேர் காணாமல் போனார்கள். பிறகு ‘அளவுச் சாப்பாடு 80’ என்று பலகையை மாற்றினாள். அதற்கும் கூட்டம் திரும்பவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணும் வேறு வேலைக்குப் போய்விட்டாள். கடையைக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்று பேசி, சாந்தியின் வீட்டுக்காரர் முந்தின நாளே அங்கே வாடகைக்கு வீடு பார்க்கப் போய்விட்டார். கடைச் சொந்தக்காரர் அன்று சாயங்காலம் வருவார். சாவியைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவரிடம் சொல்லியாக வேண்டும்.

“ஒரே ஒரு நாள் வந்து பரிமாறிக் குடுக்கா. இன்னைக்கோட முடிஞ்சாலும் முடிஞ்சிடும்” என்று போனில் கூப்பிட்டிருந்தாள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பெண்கள். அரியலூர் என்றால் காலையில் போய் இரவில் வந்துவிடலாம். திருப்பூர் என்றால் அவளை நல்லது கெட்டதுக்குத்தான் பார்க்க முடியும்.

பேரளியில் ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. எங்கே போகிறேன், என்ன வேலை என்று எல்லாவற்றையும் கேட்டார். தங்கை கடைக்கு என்றேன். “ஓட்டல்ல திங்கறதெல்லாம் இனிமே வசதியானவங்க வேலைங்க. நான் நாலு மணிக்கே ஆக்கி எடுத்துக்கிட்டுத்தான் கெளம்புவேன்” என்றார். மெஸ்காரியின் அக்காவாக நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். எனக்கும் அதே எண்ணம்தான். வீட்டில் ஆக்கினால் எப்போதும் மிச்சம், கடையில் தின்றால் எப்போதும் செலவு என்று சந்தேகமே இல்லாமல் நம்பியிருந்தேன். அவர் குன்னத்தில் இறங்கிவிட்டார்.

அதுவரை சாலையின் இரண்டு பக்கமும் பருத்தியும் மக்காச்சோளமும். அதற்குப் பிறகு லாரிகள் கூடின. அரியலூரை நெருங்க நெருங்க, ஓரத்துப் புளியமரங்களின் இலைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூசி. சிமென்ட் ஆலைச் சுவரை ஒட்டி, தார்ப்பாய் கட்டின லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக லோடுக்குக் காத்து நின்றன.

பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். பதினைந்து ரூபாய். மெஸ் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “அந்தக் கடைய மூடறாங்களாமேக்கா, நெசமா?” என்றார். எனக்கு முன்னாலேயே செய்தி ஊருக்குப் போயிருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

சாந்தி ஒருத்தியாக நின்று எல்லாவற்றையும் ஆக்கிக்கொண்டிருந்தாள். ஒரு அண்டாவில் சாம்பார், ஒன்றில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, அடுப்பில் ரசம். நான் முட்டைகோஸ் நறுக்கி முடித்ததும் பரிமாறுகிற முறையைச் சொன்னாள். ஒரு இலைக்குக் கிண்ணத்தால் ஒரே ஒரு அளவு சோறு. குழம்பு கேட்டால் ஊற்றலாம். இன்னும் சோறு கேட்டால் இருபது ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சரி சரி என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிறவரிடம் ‘போதுமா?’ என்று கேட்க மாட்டோம். கேட்டால் எழுந்திரு என்று சொல்வதுபோல் ஆகிவிடும். ‘இன்னும் கொஞ்சம்’ என்றுதான் கேட்போம். அவர் இலைக்கு மேலே கையை வைத்து மறைத்தால்தான் நிறுத்துவோம். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நான் அப்படித்தான் பரிமாறியிருக்கிறேன். மெஸ்ஸுக்கு வந்தவர்கள் யாரும் கையை வைத்து மறைக்கவில்லை. அவர்கள் மறைக்காதவரை என் கையும் நிற்கவில்லை. வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் இலையைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கும்போது, இருபது ரூபாய் என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை. கிண்ணத்தை எப்போது கீழே வைத்துவிட்டுக் கரண்டிக்கு மாறினேன் என்றுகூடத் தெரியாது.

ஒரு மணிக்குச் சோற்றுப் பானை காலி. வாசலில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

சாந்தி பானையை எட்டிப் பார்த்தாள். “நீ என்ன கல்யாணப் பந்திக்கா வந்தே?” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. புதிதாக உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் நேரம் போய்விடும். நின்றவர்களிடம் சோறு தீர்ந்துபோச்சு என்று அவளே போய்ச் சொன்னாள். இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அண்டாக்களில் பாதிக்கு மேல் குழம்பு கிடந்தது. கடைசி நாளும் நஷ்டத்தில் முடிந்தது, அதற்கு நானே காரணம் என்று சுவரோரமாக நின்றேன்.

லாரி டிரைவர் ஒருவர் மட்டும் போகவில்லை. மீன்சுருட்டி ஊர்க்காரர், வயது நாற்பது இருக்கும். முன்பு தினமும் வந்துகொண்டிருந்தவர், இரண்டு மாதமாக வரவில்லை என்று சாந்தி பிறகு சொன்னாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “சோறுதானே இல்ல. கொழம்பு கெடக்குல்ல, அத குடுங்க” என்றார்.

“வெறும் கொழம்ப வச்சு என்ன பண்ணப்போறீங்க?” என்றாள் சாந்தி.

“வூட்டு ரேஷன் அரிசி வண்டியில மூட்டையா கெடக்கு. குக்கர் வச்சிருக்கோம். சோறு வடிக்கறது ஒரு வேலையாக்கா? கொழம்புதான் நமக்கு வர மாட்டேங்குது. ஒரு ஆளுக்குன்னு தக்காளி, வெங்காயம், எண்ண, தேங்கான்னு வாங்குனா ஒங்க சாப்பாட்டு வெலையே வந்துடுது. அதனால புளித்தண்ணியில மொளகாப்பொடியப் போட்டுக் குடிச்சிட்டுக் கெடக்கறோம்.”

சாந்தி கரண்டியால் அண்டாவைக் கிளறிப் பார்த்தாள். நாற்பது ரூபாய் என்றாள். அவர் வண்டிக்குப் போய்த் தூக்குவாளி எடுத்துவந்தார். இரண்டு பேர் இரண்டு வேளை சாப்பிடுகிற அளவுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். வாளியை வாங்கினவர், ஆலை லைனில் நின்ற மற்ற வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கையில் தூக்கு, ஒருவர் கையில் தண்ணீர்க் கேன், ஒருவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். பக்கத்தில் நின்றவர் பாட்டில்காரரிடம், “இதுல கருவாட ஊத்துனா ஒங்க வூட்டம்மா ஒங்கள வெளிய ஊத்திடுவாங்க” என்றார். பக்கத்துத் தெருவிலிருந்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி வந்து சாம்பார் மட்டும் கிடைக்குமா என்று கேட்டாள். இரண்டரைக்குள் இரண்டு அண்டாவும் வழித்து எடுத்தாகிவிட்டது.

பாத்திரம் கழுவும்போது சாந்தி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். “எல வேணாம். பெஞ்சி தொடைக்க வேணாம். குடிக்கத் தண்ணி கேன் வேணாம். பரிமாற ஆள் வேணாம்.” நிமிர்ந்து என்னைப் பார்த்து, “நீயும் வேணாம்” என்றாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

சொந்தக்காரர் நாலரைக்கு வந்தார். பெரியவர், மரியாதையானவர். மொபைல் கடைக்காரர் ஒருவர் இடம் கேட்கிறார், ஆகவே இன்றே தெரிந்தால் நல்லது என்றார். சாந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“முன்பாதிய அவருக்கே குடுத்துடுங்கண்ணே. பெஞ்சி போட்ட எடம் இனிமே எனக்கு வேண்டியதில்ல. பின்பாதி அடுப்படியும் பக்கத்து வாசலும் எனக்குப் போதும். வாடகையும் பாதிதான் தருவேன்.”

“பாதியா? பாதிக் கடையில என்ன ஓட்டல் நடத்துவே?”

“ஓட்டல் இல்லண்ணே. கொழம்பு, ரசம், பொரியல். சோறு அவங்கவங்க வூட்டுல.”

அவர் அடுப்படியையும் வாசலையும் நடந்து நடந்து பார்த்தார். நடுவில் தட்டி வைக்கிற செலவு யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்றாள். சரி, மொபைல்காரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பியவர், வாசலில் நின்று, மகளின் பிரசவத்துக்காகத் தன் மனைவி திருச்சி போயிருப்பதாகவும், தனக்குக் குக்கரில் சோறு மட்டும் வைக்கத் தெரியும் என்றும் சொல்லி, ரசம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. சாந்தி ஊற்றிக் கொடுத்துவிட்டு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் உடம்பு கூசியது.

அவர் தெருமுனை திரும்பியதும் சாந்தி தன் வீட்டுக்காரருக்குத் திருப்பூருக்குப் போன் போட்டாள். “அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. வூடு பாத்தது போதும். இன்னைக்கே பஸ் ஏறுங்க.” அந்தப் பக்கம் அவர் என்னவோ நிறையக் கேட்டார். “வாங்க, சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

ஐந்தரை மணி வண்டியில் திரும்பினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் அரும்பாவூரில் ஒரு பெண் கடையிலிருந்து குழம்பு வாங்கிக்கொண்டு போனால், அவள் வீடு போய்ச் சேருவதற்குள் மூன்று பேர் கேட்டுவிடுவார்கள். அங்கே குழம்பு வைக்காதவள் சோம்பேறி. அரியலூரில் கணக்கு வேறாக இருக்கிறது. நாலு பேருக்கு ஆக்கும்போது மிச்சமாகிற அதே அடுப்பு, ஒரு ஆளுக்கு ஆக்கும்போது செலவு வைக்கிறது. சமையலை ஒரே வேலை என்று நினைத்திருந்த நான்தான் இத்தனை வருடம் சரியாகப் பார்க்கவில்லை. சோற்றை வீட்டிலும் குழம்பைக் கடையிலும் வைத்துக்கொண்டாலும் ஒரு குடும்பம் மானத்தோடு சாப்பிடலாம். இதை ஊரில் யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆலைச் சுவரைத் தாண்டும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. காலையில் பார்த்த லாரிகளில் பாதி இன்னும் அங்கேயே நின்றன. ஒரு வண்டியின் பக்கத்தில் ஸ்டவ் எரிய, இரண்டு பேர் தரையில் சாக்கு விரித்துத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாளியைச் சாய்த்து ஊற்றினார். பஸ் போன வேகத்தில் என்ன குழம்பு என்று தெரியவில்லை. எங்களுடையதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.