தலையாட்டியே வாங்கவிருந்த ரம்பம்

நான் முடி வெட்டுகிறவன். சொந்தக் கடை, இரண்டு நாற்காலி, அதில் ஒன்று உடைந்தது. இந்தத் தொழிலில் ஒரு சௌகரியம், தப்பாக வெட்டினாலும் ஒரு மாதத்தில் வளர்ந்து என் மானத்தைக் காப்பாற்றிவிடும். பலகைக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. இது தெரிந்தும் வீட்டின் பின்னறையில் தச்சுப் பட்டறை போட்டேன் என்றால், என் மண்டையில் எதுவோ கழன்றிருக்க வேண்டும்.

கைரம்பத்தால் அறுத்து நான் செய்த முதல் அலமாரி நின்றது, சுவரைப் பிடித்துக்கொண்டு. என் மனைவி அதன் ஒரு காலுக்கடியில் பழைய செருப்பைச் செருகினாள். அதில் எந்தச் சாமானும் வைக்கவில்லை. "இருக்கட்டும், அழகுக்கு" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோணல் என் கையில் இல்லை, கருவியில்தான் என்று முடிவு கட்டினேன். மேசை ரம்பம் வாங்க வேண்டும். மேசை நடுவே வட்ட ரம்பம் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். பலகையைத் தள்ளினால் நூல் பிடித்தது போல அறுபடும்.

கடையில் விலை கேட்டேன். விரல் படாமலிருக்க ரம்பத்தின் மேல் மூடி வைத்த சின்ன மெஷின்தான் என் கைக்கு எட்டியது, அதுவும் எக்கிப் பிடித்தால். அகலமான மேசை உள்ளதெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குத்தான். வீட்டில் வந்து சொன்னேன்.

"வேற எதுல வேணும்னாலும் மிச்சம் பிடிங்க. விரல்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க" என்றாள் மனைவி. "அந்த விரல்லதான் குடும்பமே சாப்பிடுது."

"இது எனக்குத் தெரியாதா?" என்றேன். பெரிய அறிவாளி மாதிரி.

அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன சொன்னாலும் "ஆமாங்க, சரிதாங்க" என்போம். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசினால் அவர் கோபத்தில் தலையை ஆட்டுவார், காது போய்விடும். அதனால் ஆட்டுகிற வேலையை நாங்களே எடுத்துக்கொள்வது.

கரன்ட் வேலை பார்ப்பவர் மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். ஆமாங்க. வாத்தியார் ஒருவர் மோட்டார் சின்னதாக இருந்தால்தான் பில் கட்டுப்படியாகும் என்றார். சரிதாங்க. வருஷக்கணக்காக என்னிடமே முடி வெட்டிக்கொள்ளும் தச்சர் ஒருவர், "எதுக்குத் தம்பி அலையுறீங்க? என்கிட்டயே பழசு ஒண்ணு சும்மா கிடக்கு" என்றார். "அகலமான மேசை. புதுசு விலைல பாதி கொடுங்க, போதும். மேல மூடி மட்டும் இல்ல. இடைஞ்சலா இருக்குன்னு நான்தான் கழட்டிப் போட்டேன்."

"ஆமாண்ணே, மூடி இடைஞ்சல்தான்" என்றேன். அடுத்த முறை வந்து அதையே சொன்னபோதும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். அதற்கடுத்த முறையும் ஆட்டினேன்.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள், வீட்டு வாசலில் சுமை வண்டி வந்து நின்றது. தச்சர் இறங்கினார். "கொண்டு வந்துட்டேன் தம்பி. ஒரு கை பிடிங்க!"

மனைவி வெளியே வந்தாள். மூடியில்லாத ரம்பத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேணும்னு சொன்னீங்களா?"

"சொல்லல. தலையை ஆட்டினேன்."

"நீங்க எப்பதான் ஆட்டல!"

ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் தச்சர். அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருந்தன. இத்தனை வருஷத்தில் நான் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் கழுத்து முதல் முழங்கால் வரை துணியைப் போர்த்திவிடுவேன். காசு நீட்டுவது வலது கை. உச்சிச் சுழி, காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சம் எல்லாம் எனக்கு அத்துப்படி. கழுத்துக்குக் கீழே அவர் யாரோ எவரோ.

"அண்ணே, இந்த விரல்..."

"இந்த மெஷின்தான். பழைய கதை, விடுங்க. இடது கைதானே தம்பி! சாப்பாட்டுக்கும் கையெழுத்துக்கும் ஒரு குறைச்சலும் இல்ல."

முடி வெட்டும்போது இடது கையின் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் முடியைப் பிடித்து அளவு பார்ப்போம். கத்தரி வெறும் கூலியாள். அந்த இரண்டும் போனால் என் கடையைப் பெருக்கத்தான் நான் லாயக்கு. பயந்தேன், நன்றாகவே பயந்தேன். மனைவி பின்னாலிருந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"வேணாம்ணே" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என்ன வேணாம்?"

"இந்த மெஷின். மூடி இல்லாம நான் தொட மாட்டேன். இடைஞ்சல்னு நான் சொன்னது பொய்."

தச்சரின் முகம் சிவந்தது. "ஒவ்வொரு தடவையும் சரி சரின்னீங்களே! வண்டி பிடிச்சுத் தூக்கிட்டு வந்திருக்கேன்!"

"தப்புதான். வண்டி வாடகையை நான் கொடுத்துடறேன். நாற்காலில உக்காந்தவங்க எதைச் சொன்னாலும் சரின்னுதான் சொல்லுவேன்ணே. தொழில் பழக்கம். அதை நெஜம்னு எடுத்துக்கக் கூடாது."

அவர் யோசித்தார். கோபம் இறங்குவது தெரிந்தது. கூடவே வேறு ஏதோ ஏறுவதும் தெரிந்தது. கை மெல்ல மீசைக்குப் போனது. நரைத்த தலைக்குக் கீழே கன்னங்கரேல் என்று மின்னும் மீசை. சாயம் பூசுவது நான்தான்.

"அப்ப இது பத்து வயசு குறைச்சுக் காட்டுதுன்னு மாசா மாசம் சொல்றீங்களே, அது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மும்முரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் வேணாம்ணே" என்றேன்.

மெஷினை மறுபடியும் வண்டியில் ஏற்றினோம். அந்த வாரமே மூடி வைத்த சின்ன மெஷினை வாங்கிவிட்டேன். அதில் நான் அறுக்கும் லட்சணத்தைக் கேட்காதீர்கள், விரல்கள் எல்லாம் இருக்கின்றன. தச்சர் ரொம்ப நாள் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. ஒருநாள் மத்தியானம் வந்து உட்கார்ந்து, மீசையை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த என் மனைவி பக்கம் திரும்பி, "எப்படிம்மா இருக்கு?" என்று அவளிடம் கேட்டார்.