ஏரி மீனும் என் விரல் நுனிகளும்

முதலில் மரத்துப்போனது உதடு. தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் இருந்தோம். காபி டம்ளர் உதட்டில் பட்டது தெரியாமல் மேலெல்லாம் கொட்டிக்கொண்டேன். பிறகு விரல் நுனிகள். மகள் ப்ரியாவுக்குத் தலை பின்னும்போது முடி கைக்குத் தட்டுப்படவே இல்லை.

அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் இனிக்கத்தான் செய்கிறது. கணவர் சேகர் தூத்துக்குடிக்காரர். வங்கியொன்றில் கான்ட்ராக்ட் வேலை. சனிக்கிழமை விடிந்தால் தூண்டிலும் தயிர்சாதமுமாக வடக்கே மலை ஏரிக்குக் கிளம்பிவிடுவோம். அடியில் கிடக்கும் கல்கூடத் தெரியும் தண்ணீர். முழங்கை நீள மீன்கள். வாரம் முழுக்க வீட்டில் புளிக்குழம்பு வாசனை.

வைட்டமின் குறைவு என்றார் முதல் டாக்டர். மாத்திரை சாப்பிட்டும் நடை தள்ளாடியது. அடுத்துப் பார்த்த நியூராலஜிஸ்ட் (நரம்பு மருத்துவர்), "என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

"மீன்தான். அநேகமாகத் தினமும்," என்றேன், பெருமையாக. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

ரத்தத்தில் பாதரசம் மிக அதிகம். தொழிற்சாலைப் புகையில் கலந்த பாதரசம் மழையோடு இறங்கி, ஏரிச் சேற்றில் மீத்தைல் மெர்க்குரி (நரம்புகளைத் தாக்கும் பாதரச வகை) ஆகிறதாம். அது பூச்சிக்குள் போகிறது. பூச்சியைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன். பெரிய மீனை நான்.

"மீனை நிறுத்துங்கள். உடம்பே மெல்ல வெளியேற்றிவிடும். இரண்டாவது குழந்தைக்குக் கொஞ்சம் காத்திருங்கள். கருவின் மூளைக்கு இது ஆகாது," என்றார்.

சேகர் காரை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். "தண்ணி அவ்ளோ க்ளீனா இருந்துச்சே ராஜி. நான்தான ஃபோர்ஸ் பண்ணி சாப்பிட வச்சேன்."

"யாரு ஃபோர்ஸ் பண்ணா? நான்தான் தட்டை நீட்டினேன். வண்டிய எடுங்க."

சேகர் ரத்தத்திலும் பாதரசம் கூடுதல்தான், மரத்துப்போகும் அளவுக்கு இல்லை. மீனை முகம் சுளித்து ஒதுக்கும் ப்ரியாவுக்கு ஒன்றுமில்லை என்று சோதனையில் தெரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால், நாளைக்கே சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாட்காட்டி ஒரு வேகத்தில் போகும், நரம்பு வேறொரு வேகத்தில். பல மாதங்கள் கழித்து ஒருநாள் இட்லித் தட்டைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்தேன்.

"என்னாச்சு?" என்று ஓடிவந்தார் சேகர்.

"சுடுது!" என்று சிரித்தேன்.

மகன் பிறந்து நடக்கத் தொடங்கியபின் மறுபடி அந்த ஏரிக்குப் போனோம். பிடித்த மீனைச் சேகர் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"இஸ் த ஃபிஷ் சிக் டூ, அம்மா?" என்றாள் ப்ரியா.

"இருக்கலாம்டா. நாம சாப்பிடறத நிறுத்திட்டோம். மீன் இந்தத் தண்ணிய விட்டு எங்க போகும்?"

குனிந்து இரு கைகளையும் தண்ணீரில் வைத்தேன். இடது கையில் குளிர் உடனே தெரிந்தது. வலது விரல்களுக்கு வந்துசேரச் சற்று நேரமானது. அதுவரை கையை எடுக்காமல் காத்திருந்தேன்.