பேர் தெரியாத செடியை அறிந்தவர்

சண்முகவேல் அண்ணாச்சி காலமான செய்தியைப் பதினாறு நாள் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, தாங்கமாட்டாள் என்று சாத்தூரில் என் அம்மா தடுத்துவிட்டாள். அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்த நீங்களெல்லாம் அழுது ஓய்ந்த பிறகு, தாமதமாக எழுதுகிறேன்.

சிவகாசியில் அவர் எங்களுக்கு அடுத்த வீடு. காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் அச்சுக்கல்லில் படம் வரைகிறவர். அறுபத்துமூன்றாம் வருஷத்துக் காலண்டரில் அம்மன் கையில் ஐந்து இதழ்ச் சிவப்புப் பூ ஒன்றைக் கொடுத்திருந்தார். கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான், சும்மா இருப்பேனா?

"இந்தப் பூ எந்த ஊர்ல பூக்குது அண்ணாச்சி?"

"முதலாளி கண்ணுல பூக்குது தாயி. வெள்ளைப் பூ வெள்ளைக் காயிதத்துல எடுபடாதாம். நாலு இதழு குறைபட்ட மாதிரி இருக்காம். செடியா வந்து சண்டை போடும்?"

சிரித்தோம். அசல் பூவைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆவணியில் என் மூத்தவள் செல்வி, மூன்று வயது, வீட்டுக்குப் பின்னால் பாறையோரப் புதரில் சிவந்த பழங்களைப் பறித்துத் தின்றுவிட்டாள். படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ, விஷப் பழங்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக வந்தன. ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய்க் கத்தினேன்.

"பயப்படாதீக. இங்கன உக்காருங்க. கொப்பைக் குடுங்க."

உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து விரித்தார். பக்கம் பக்கமாக அதே புதர். மொட்டு, பூ, பிஞ்சு, பழம். நாலே நாலு வெள்ளை இதழ்கள். நடுவில் அப்போதுதான் பற்றிய மத்தாப்பைப் போல எண்ண முடியாத மகரந்தக் காம்புகள். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாய். பழத்தின் நுனியில் குட்டியாய் நாலு பற்கள். செல்வி கையிலிருந்த பாதிப் பழத்தைப் பார்த்தேன். அதிலும் அந்த நாலு.

"இம்புட்டையும் எதுக்கு வரைஞ்சீக?"

"நாலை அஞ்சாக்குறவன் மொதல்ல நாலைப் பாக்கணும்ல?"

அச்சுக்கல்லில் புள்ளி புள்ளியாய்ப் படம் வரையும்போது பிடிக்கும் பூதக்கண்ணாடியில் இலையை வெயிலுக்கு நேரே காட்டினார். "உள்ளுக்குள்ள பாருங்க. நான் கல்லுல வைக்கிற மாதிரியே ஆண்டவனும் புள்ளி வச்சிருக்கான்." இலை முழுக்க ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள். கசக்கினால் நெடி. அப்போதுதான் எனக்குப் படிப்பு திரும்பி வந்தது.

"நாவப்பழக் குடும்பம், அண்ணாச்சி!"

"குடும்பம் உங்களுக்குத் தெரியுது. எனக்குப் பேருகூடத் தெரியாது, ஆளைத் தெரியும். வரையும்போது நானே எம்புட்டுத் தின்னுருக்கேன்!"

ஆனாலும் சாயங்காலம்வரை, அவள் முகத்தைப் பார்த்தபடி எங்களோடு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் செல்வி, இன்னும் பழம் வேண்டும் என்று அழுதாள்.

அந்தப் புதரைத் தினமும் தாண்டிப் போனவள் நான். அச்சேறவே போகாத நாலு இதழுக்காக ஒரு பருவம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். நினைக்க நினைக்க இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இன்று காலை செல்வி எதையோ கைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். இந்த முறை நான் கத்தவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.