மாவடு ஊறிய எவர்சில்வர் தவலை

கல்யாணமான முதல் வருஷம், மாவடு போடும் ஜாடி என் மாமியாரின் கை தவறி உடைந்துவிட்டது. அதனால் என் சீராக வந்த எவர்சில்வர் தவலையிலேயே உப்பைக் கொட்டி வடுவை ஊறவைத்தோம். பட்டுத் தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசில் அப்பா தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய தவலை.

ஐப்பசி மழையில் தவலையைச் சுற்றிச் சமையலறைத் தரை உப்புநீராய்ப் பிசுபிசுத்தது. தவலையைக் காலி செய்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அடியில் ஊசி குத்தினாற்போல் மூன்று ஓட்டை.

"எவர்சில்வர்னா ஓட்ட விழுமா? எவனோ உங்க அப்பாவ நல்லா ஏமாத்திட்டான்மா" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தும் என் கணவர் தவலையைக் கழுவி மடியில் கவிழ்த்துக்கொண்டார். "அழுவாத. மேல பாரு, கண்ணாடியாட்டம் இருக்குது. கரையாத உப்பு அடியில படிஞ்சிக்கினு இருந்த எடத்துலதான் புள்ளி வந்திருக்குது. கரண்டி கீறின கோட்டுலயும் ரெண்டு புள்ளி, அது இன்னும் ஓட்ட ஆவல."

எவர்சில்வருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் உண்டாம். கீறினாலும் காற்றுப் பட்டால் தானாக மூடிக்கொள்ளும். உப்பு அந்தத் தோலை ஓரிடத்தில் கிழித்துவிடும். அசையாத உப்புப் படிவுக்கு அடியில் காற்று போகாததால் கிழிசல் மூடாது. அரிப்பு பக்கவாட்டில் பரவாமல் உள்ளே உள்ளே துளைத்துக்கொண்டு போகும்.

"அப்போ போலி இல்லியா?"

"நல்ல எவர்சில்வருக்கே இப்படி ஆவும்."

தீபாவளி வரிசையோடு அப்பா வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அவர் முகம் சுருங்கியது. தவலைக்குள் கைவிட்டுத் தடவினார். பட்டிழையில் முடிச்சைத் தேடும் விரல்கள், ஓட்டைகளை உடனே கண்டுகொண்டன.

"வேற வாங்கியாந்து தரேன் சம்மந்தி" என்றார் தாழ்ந்த குரலில்.

கதவோரம் நின்ற மாமியார் முன்னால் வந்தார். "நீங்க குடுத்தது நல்ல சாமான் சம்மந்தி. ஜாடிய ஒடச்சவளும் நானு, உப்ப அதுல கொட்டச் சொன்னவளும் நானு. உங்க பொண்ணு இதுக்கோசரம் சோறு துன்னாம கெடந்துச்சு. மொதல்ல அதுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்தார். சம்பந்தி வீட்டில் தண்ணீருக்கு மேல் எதுவும் தொடாதவர், அன்று இலை போடச் சொல்லி உட்கார்ந்து சாப்பிட்டார்.