மாத்திரை இல்லீங்க, ஊசி

சுகிர்தமணி ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் லைன் சூப்பர்வைசர். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவியபோது, வேலூரில் மாதந்தோறும் எலும்பை உறுதியாக்கும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். முதுகெலும்பு உறுதியானது. தாடை மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டது.

வலப்பக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்குமுன் உள்ளூர்ப் பல் டாக்டர், "மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருந்தார். கர்த்தருக்குப் பயந்தவள் பொய் சொல்வாளா? "இல்லீங்க சார்" என்றாள். அவளுக்கு ஏறியது ஊசிதானே! புண் ஆறவேயில்லை, ஈறு விலகி எலும்பு வெளியே தெரிந்தது. அந்த மருந்து ஏறிய உடம்பில் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகலாம், இனி எந்தப் பல் கெட்டாலும் பிடுங்காமல் வேரைச் சுத்தம்செய்து அடைப்பதே நல்லது என்று வேலூரில் சொன்னார்கள். அது 2006, டாக்டர்கள் பலருக்கே புதுச்செய்தி.

அடுத்த வருடம் இடப்பக்கப் பல் வலித்தது. இந்தத் தாடையும் போனால் சோறும் போகும், லைனில் அதட்டும் குரலும் போகும். வேறொரு டாக்டரிடம் போய், உட்காருமுன்பே ஊசிக் கதையைச் சொன்னாள்.

"அது எலும்புக்கு நல்லதுதானேம்மா?" என்றபடி அவர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

"நல்லதுதான் சார். அதுலதான் ஒரு பக்கம் கெட்டுச்சு. புடுங்குற பேச்சே வேணாம், வேரை அடைங்க."

"அது ரொம்ப பேஜார்மா, நாலு தடவ வரணும்."

"வர்றேன்." உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா, வாயைத் திறக்காம எப்படி வைத்தியம் பாக்குறது?"

"மொதல்ல அந்தக் குறட்டைக் கீழ வைங்க சார்" என்றது விரலிடுக்கிலிருந்து குரல்.

அவர் சிரித்துவிட்டு வைத்தார். அதன்பிறகே கையை எடுத்தாள்.